சவர்த்தண்ணித் தேத்தண்ணி

வாங்கோ மிஸ், அந்தக் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருங்கோ. எழும்பி வரேல்லை எண்டு குறை நினைக்காதேங்கோ. கையைப் பாருங்கோ, முழங்கை மட்டும் பனங்களி. இன்னும் ஆறு பழம் பிசைய இருக்கு. இப்ப விட்டால் புளிச்சுப்போம், பேந்து பனாட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. நீங்கள் தராசை அந்த வளையிலை கொழுவுங்கோ. சின்னவள் ஏணைக்கைதான் கிடக்கிறாள். இப்பதான் கண்ணயர்ந்தவள், மெல்லமாத் தூக்குங்கோ.

குறைஞ்சிருக்கோ?

தெரியும் மிஸ். நீங்கள் கொப்பியிலை எழுத முதலே எனக்குத் தெரியும். பால் வத்திப்போச்சு. மூண்டு நாளா இவள் இழுக்கிறாள், இழுக்கிறாள், பேந்து என்ரை முகத்தைப் பாத்து அழுகிறாள். கீரை தின்னேல்லையோ, முட்டை தின்னேல்லையோ எண்டு கேக்காதேங்கோ. எல்லாம் திண்டனான். டென்மார்க்கிலை இருந்து வந்தவையாலைதான் என்ரை பால் வத்தினது. அதையும் அந்தக் கொப்பியிலை எழுதுங்கோ.

நான் கதைக்கிற ஆள் இல்லை. உங்களுக்கே தெரியும், கிளினிக்கிலை நீங்கள் பத்துக் கேட்டால் நான் பத்துக்கும் தலையைத்தான் ஆட்டுவன். எனக்குப் பெரிய ஆக்களைக் கண்டால் நாக்கு மேலண்ணத்திலை ஒட்டிப்போம். ஆனா இண்டைக்குச் சொல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும். நீங்கள் இந்தத் தீவாள் இல்லை, புதுசா வந்தனீங்கள், ஆருக்கும் போய்ச் சொல்லமாட்டியள். சொன்னாலும் பறவாயில்லை.

வந்தவர் ஆரெண்டால், என்ரை மனிசன்ரை பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை. என்ரை மாமாவின்ரை தகப்பனும் அவற்றை தகப்பனும் தமையன் தம்பி. நாகேந்திரம் எண்டு பேர். இந்த வளவு அந்த ரெண்டு பேரையும் பெத்த பாட்டன்ரை. பிரிக்கவே இல்லை. பாதி எங்கடை, பாதி அவையின்ரை. எது எந்தப் பாதி எண்டு கேட்டால் ஆருக்கும் தெரியாது. கிணத்திலையும் பாதி. தண்ணியிலை எப்பிடிப் பாதி பிரிக்கிறதோ!

அவர் முப்பத்தெட்டு வருசத்துக்கு முதல் போட்டிலை ஏறினவர். பேந்து நெடுந்தீவு இருக்கிற திசைக்கே திரும்பேல்லை. இந்தக் கல்வேலியிலை விழுந்த ஒரு கல்லைத் தூக்கி வைச்சிருப்பாரோ? மாமா வைச்சவர். மாமா செத்தாப்போலை இவர், என்ரை மனிசன், வைக்கிறார். வேலிக்குக் கல்லு வைச்சவன்ரை வளவோ, வந்து நிண்டு படம் எடுத்தவன்ரை வளவோ? நீங்களே சொல்லுங்கோ. சரி, சொல்லாதேங்கோ, நீங்கள் அரசாங்க உத்தியோகம்.

இப்ப ஏன் இந்தப் பாதிக் கதை எண்டால், வீட்டுத்திட்டத்திலை எங்கடை பேர் வந்திட்டுது. அஞ்சாவது பேர். விதானையார் கந்தோரிலை ஒட்டின தாளுக்கு முன்னாலை நிண்டு நானே எழுத்துக்கூட்டி வாசிச்சனான். ரெண்டு தரம் வாசிச்சனான். விதானையார் சொல்லிப்போட்டார், பங்குக்காரன் சம்மதக் கடிதம் குடுத்தால்தான் வீடாம். வாற வெள்ளிக்கிழமைக்கு முதல் குடுக்கவேணுமாம். இல்லாட்டி ஆறாவது பேருக்குப் போயிடுமாம். ஆறாவது பேர் ஆர் தெரியுமோ? பக்கத்து வளவுப் பூரணமக்கா. இப்ப என்னைக் கண்டால் சுகம் விசாரிக்கிறா. முந்தி விசாரிக்கிறேல்லை.

எனக்கு வேற ஒண்டும் வேண்டாம் மிஸ். ஒரு கதவு வேணும். நான் பிறந்தது முல்லைத்தீவுப் பக்கம். ஏழாம் வகுப்பிலை ஓடத் தொடங்கினது. கூடாரம், தகரம், திரும்பக் கூடாரம், பேந்து கலியாணம், இஞ்சை வந்தாலும் தகரம். சுவரிலை பூட்டின கதவு, சாத்தினால் சத்தம் கேக்கிற கதவு, அப்பிடி ஒரு கதவுக்கு உள்ளுக்கை நான் இருந்ததே இல்லை. இருபத்தெட்டு வயசாச்சு.

இவர் பெரியப்பாவுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னவர். அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? "வரேக்கை பாப்பம் தம்பி." பாப்பம் எண்டால் என்ன? ஊர் உலகத்திலை பாப்பம் எண்டு சொன்னவன் ஆர் குடுத்தவன்?

வந்தினம். ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடை லீவுக்கு வந்தவை. கண்டியிலை பல்லக்கு, நுவரெலியாவிலை குளிர், பேந்து எங்கையோ யானை. யானை பாத்து முடிஞ்சுதான் எங்களைப் பாக்க வந்தவை. பெரியப்பா, அவற்றை மனிசி தவமணிப் பெரியம்மா, மகன்காரன், அவன்ரை நாலு வயசுப் பெட்டை. ஓட்டோ படலையிலை நிண்ட உடனை நான் குசினிக்குப் பின்னாலை போட்டன். பயந்து இல்லை. உடுப்பு மாத்த.

வந்தவன், அந்த மகன், ஒரு வாய் வாங்கோ போங்கோ இல்லை. பையைத் திறந்து தும்பி மாதிரி ஒரு சாமானை எடுத்து மேலை விட்டான். இரையுது எண்டால், ஆடு கயித்தை அறுத்துக்கொண்டு பூரணமக்காவின்ரை மிளகாய்க் கண்டுக்கை போட்டுது. எனக்கு உடனை விளங்கிட்டுது. வளவை அளக்கிறாங்கள்! கீழை நிண்டு அளந்தால் நாங்கள் கேள்வி கேப்பமெண்டு மேலை நிண்டு அளக்கிறாங்கள். இவரைக் கூப்பிட்டுச் சொன்னன். "அது படம் எடுக்கிறது, நீ சும்மா இரு" எண்டார். படமாம்! ஆகாயத்திலை இருந்து என்ரை ஓட்டைத் தகரத்தைப் படம் எடுத்து ஆருக்குக் காட்ட?

அதுக்குள்ளை அந்தச் சின்னப் பெட்டை என்ன செய்தது தெரியுமோ? காலிலை மண் ஒட்டிப்போச்சாம். வாசலிலை நீலக் கான் இருக்கெல்லே, பவுசர் லொறியிலை பிடிச்ச நல்ல தண்ணி, பிடிச்சு ரெண்டு நாள் ஆகேல்லை, அதை அப்பிடியே சரிச்சு ஊத்திக் கால் கழுவுது. கழுவிச்சுது, விளையாடிச்சுது, பேந்து கானை உருட்டி விட்டுது. கிணத்தடி பத்தடியிலை இருக்கு! தண்ணியிலை ரெண்டு சாதி இருக்கெண்டு தெரியாத சனம். வரிசையிலை நிண்டு, சின்னவளை இடுப்பிலை வைச்சுக்கொண்டு, பிடிச்சுத் தூக்கியந்தவள் நான். பெரியம்மா பாத்திட்டுச் சிரிச்சா. "சின்னப்பிள்ளைதானே, தண்ணிதானே" எண்டா. தண்ணிதானே!

இவர் நல்ல மனிசன். அதுக்குப் பிறகும் போய், "பெரியம்மா, குடிக்கத் தண்ணி தரட்டோ?" எண்டு கேட்டவர். அவ பையைத் திறந்து போத்திலை எடுத்துக் காட்டினா. "வேண்டாம் தம்பி, இஞ்சத்தைத் தண்ணி எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது."

கேட்டனீங்களோ? ஒரு வீட்டுக்கு வந்து அந்த வீட்டுத் தண்ணியை வாங்கேல்லையெண்டால் அதுக்கு என்ன அர்த்தம்? உங்கடை ஊரிலையும் ஒரே அர்த்தம்தானே? அதோடை விட்டாவோ? குசினி வாசல் மட்டும் வந்து என்னைப் பாத்து, "பிள்ளை, நீ எவடத்துப் பிள்ளை?" எண்டு கேட்டா. முல்லைத்தீவு எண்டன். "ஓ" எண்டா. அவ்வளவுதான். "ஓ." அந்த ஓவை நான் இன்னும் பத்திரமா வைச்சிருக்கிறன்.

பேந்து இவர் எட்டிப் பாத்து, தேத்தண்ணி வை எண்டார். மிஸ், உங்களுக்குப் பொய் சொல்லேல்லை. குடத்திலை அரைக்குடம் நல்ல தண்ணி கிடந்தது. பிள்ளையளுக்கு எண்டு மூடி வைச்சது. நான் குடத்தைப் பாத்தன். கிணத்தைப் பாத்தன். வாளியைக் கிணத்துக்கை விட்டன்.

ஓம். எங்கடை கிணத்துச் சவர்த்தண்ணி, உப்புக் கரிக்கும். பாத்திரம் கழுவுறது, உடுப்புத் தோய்க்கிறது. அதிலை கேத்திலை வைச்சு, சாயத்தைப் போட்டு, சீனியையும் கொஞ்சமாத்தான் போட்டன். ஒத்துக்கொள்ளாதாம்! நல்லா ஒத்துக்கொள்ளட்டும். இனி இந்தப் பக்கம் வந்து பாதி, கீதி எண்டு கதைக்கக்கூடாது. அப்பிடி நினைச்சுத்தான் செய்தனான். நீங்கள் முகத்தைச் சுழிக்காதேங்கோ. நான் நஞ்சே குடுத்தனான்?

நான் குசினிக்கை நிக்கேக்கை முன்னாலை நடந்தது பேந்துதான் எனக்குத் தெரியும். இவர் சொன்னவர். பெரியப்பா பையிலை இருந்து ஒரு கவரை எடுத்து மேசையிலை வைச்சாராம். சம்மதக் கடிதம்! யாழ்ப்பாணத்திலை நொத்தாரிசைப் பிடிச்சு ரைப் பண்ணிக் கொண்டந்திருக்கிறார். கையெழுத்து ஒண்டுதான் பாக்கி. மேல்பொக்கற்றைத் தட்டிப் பாத்தாராம், பேனை இல்லை. "தம்பி, ஒரு பேனை எடு" எண்டாராம். இந்த வீட்டிலை பேனைக்கு எங்கை போறது? மூத்தவள் பாலர் வகுப்பு, கலர்ப் பென்சில்தான் கிடக்கு. இவர் பூரணமக்காவிட்டைப் பேனை வாங்க ஓடினவர். அவ குடுப்பாவே? தேடுறன், தேடுறன் எண்டு அரை மணித்தியாலம் நிப்பாட்டி வைச்சவ. ஆறாவது பேரெல்லே!

அந்த அரை மணித்தியாலத்திலைதான் மனிசன் மாறினது. அதைத்தான் நான் மூண்டு நாளா யோசிக்கிறன். பேனை கேட்ட மனிசன், பேனை வந்த உடனை வேண்டாமெண்டு கவரை எடுத்துப் பையிலை வைச்சிட்டார். இடையிலை ஆர் போய் என்ன சொன்னது? ஒருத்தரும் வரேல்லை. ஒண்டும் நடக்கேல்லை. நான் தேத்தண்ணி குடுத்தனான், அவ்வளவுதான்.

அது ஒரு கூத்து, கேளுங்கோ. கிளாசை நீட்டினன். வாங்கினார். ஒரு வாய் குடிச்சார். அப்பிடியே நிண்டிட்டார். பிடிபட்டிட்டன், இப்பத் துப்பப்போறார், பேசப்போறார் எண்டு கதவுநிலைக்குப் பின்னாலை... கதவு எங்கை கிடக்கு, சீலைதான், சீலைக்குப் பின்னாலை போய் நிண்டன். "ஆர் போட்டது இந்தத் தேத்தண்ணி?" எண்டார்.

கண்ணாலை தண்ணி ஓடுது மிஸ் அந்த மனிசனுக்கு. "தவம், இந்தா, ஒரு வாய் குடிச்சுப் பார். எங்கடை அம்மா போட்ட தேத்தண்ணி. அதே சவர்" எண்டு கிளாசை நீட்டுறார். டென்மார்க்கிலை இந்த ருசி வேணுமெண்டு தேத்தண்ணிக்கு உப்புப் போட்டெல்லாம் பாத்தவராம். வரேல்லையாம். "உப்புப் போட்டுக் குடிச்சு, பிரசர் ஏறி, மூண்டு நாள் ஆஸ்பத்திரியிலை கிடந்ததையும் சொல்லுங்கோ" எண்டா பெரியம்மா. அவர் கேக்கிற நிலையிலை இல்லை. இன்னொண்டு கேட்டார். குடுத்தன். இன்னொண்டு கேட்டார். அந்த மகன் தகப்பன் அழுகிறதையும் படம் எடுத்தான்.

நக்கல் எண்டு எனக்கு விளங்காதோ? நான் ஏழாம் வகுப்புத்தான், மடைச்சி இல்லை. சவர்த்தண்ணி எண்டு கண்டுபிடிச்சிட்டார். நேரை பேசினால் மரியாதை இல்லை எண்டு அழுது காட்டுறார். சவர்த்தண்ணிக்கு அழுகிற மனிசனை நான் இப்பதான் கண்டது. நாங்கள் நல்ல தண்ணிக்கு அழுத சனம்.

மூண்டு கிளாசையும் குடிச்சிட்டு எழும்பி வளவைச் சுத்தி நடந்தார். கிணத்துக் கட்டைத் தடவினார். அந்த ரெண்டு பனைக்கு நடுவிலை, இப்ப நான் பிசையிற பழம் விழுந்த பனைதான், அதுக்கு நடுவிலை போய்ச் செருப்பைக் கழட்டிப்போட்டு நிண்டார். "நான் என்னத்துக்கு இவ்வளவு காலமும் அந்தக் குளிருக்கை கிடந்தனான்? இதிலை ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு இருந்திடுவன். கிணத்தடியோடை" எண்டார். கிணத்தடியோடைதான் எங்கடை வீட்டுக்கு விதானையார் அளந்து விட்டது.

அப்பதான் இவர் பேனையோடை ஓடி வாறார், வேர்த்து விறுவிறுத்து. பெரியப்பா இவற்றை தோளிலை தட்டி, "கொஞ்சம் பொறு தம்பி, யோசிச்சுப் பாப்பம்" எண்டார். கவர் பைக்குள்ளை போட்டுது. இவர் என்ன செய்தார்? "ஓம் பெரியப்பா" எண்டார். பேனையைத் திருப்பிக் குடுக்கப் போனார்!

பெரியம்மாவின்ரை வேலைதான் மிஸ். வேற ஆர்? அந்த மனிசி ஏதோ கண் காட்டியிருக்கவேணும். ஆனா வெளியிலை நல்லாத்தான் நடிச்சவ. "உங்களுக்கு விசரே? மாதத்திலை ரெண்டு தரம் டொக்டரிட்டைப் போற ஆள் இஞ்சை வந்து என்ன செய்யப்போறியள்? அந்தப் பிள்ளையளின்ரை கடிதத்தை வைச்சுக் குடுங்கோ" எண்டு எங்களுக்குக் கேக்கச் சத்தம் போட்டவ. கேக்கவேணுமெண்டுதானே சத்தம் போட்டது? உண்மையாச் சண்டை பிடிக்கிற மனிசி உள்ளுக்கைதான் பிடிப்பாள். நான் அப்பிடித்தான்.

இன்னும் கேளுங்கோ, இதுதான் உச்சம். வெளிக்கிடேக்கை குசினிக்கை வந்தா. என்ரை கையைப் பிடிச்சா. மெல்லமாச் சொல்லுறா: "பிள்ளை, புதன்கிழமை போட் ஏற முதல் திரும்ப வருவம். கடிதத்தை நான் பாத்துக்கொள்ளுறன். ஆனா இவருக்கு அந்தத் தண்ணியிலை மட்டும் தேத்தண்ணி குடுத்திடாதை. இந்தா, ரெண்டு போத்தில் வைச்சிட்டுப் போறன், இதிலை போட்டுக் குடு. மறந்திடாதை, என்ன?"

பாத்தனீங்களோ செருக்கை? என்ரை வீட்டிலை, என்ரை அடுப்பிலை, நான் தேத்தண்ணி வைக்க அவ தண்ணி தந்திட்டுப் போறா! என்ரை கையாலை குடுக்கிறது வேண்டாமாம். நான் என்ன சொன்னன்? ஓம் எண்டன். அண்டைக்கு முழுக்க அவையோடை நான் கதைச்சது நாலே நாலு சொல்லு. வாங்கோ, முல்லைத்தீவு, இந்தாங்கோ, ஓம். கேக்க வேண்டியதைக் கேக்கேல்லை. அண்டைக்கு இரவோடை பால் வத்திப்போச்சு.

அந்த ரெண்டு போத்திலோ? சின்னவளுக்குப் பின்பக்கம் கழுவினனான். நல்ல தண்ணிதான், பதமா இருந்தது.

இண்டைக்குப் புதன்கிழமை மிஸ். ரெண்டரை மணிப் போட்டுக்குப் போகினம். அதுக்கு முதல் வருவினம். துறையடியிலைதான் தங்கி நிக்கினம், இவர் கூட்டி வரப் போட்டார். இவர் கேக்கமாட்டார், எனக்குத் தெரியும், ஓம் பெரியப்பா எண்டு சொல்லிப் படலை மட்டும் கொண்டுபோய் விடுவார். வெள்ளிக்கிழமை பூரணமக்கா வீடு தனக்கு வந்திட்டுதெண்டு எனக்குக் கற்கண்டு கொண்டு வருவா. அதாலை நான் முடிவெடுத்திட்டன்.

அடுப்பிலை கேத்தில் கொதிக்குதெல்லே, அது எங்கடை கிணத்துத் தண்ணி இல்லை. கடற்கரைப் பக்கம் குதிரையள் வந்து குடிக்கிற துரவு ஒண்டு இருக்கு, கண்டிருக்கிறியளோ? விடியப்பறம் போய் ஒரு குடம் அள்ளியந்தனான். நாக்கிலை வைச்சால் நாக்கு மடியும். ஞாயிற்றுக்கிழமைத் தண்ணியிலை சவர் போதேல்லை, அதுதான் பிழை. அதாலைதான் நக்கலடிக்க அவருக்குத் தைரியம் வந்தது. இண்டைக்கு இதைக் குடிச்சால் இந்தத் தீவின்ரை பேரையே எடுக்கமாட்டார். கிளாசும் குடுக்கமாட்டன். உந்தா, கோழிக்குத் தண்ணி வைக்கிற மூக்குப்பேணி, நெளிஞ்சு கிடக்கு. மாமாவின்ரை தாய் குடிச்சதாம், அவவின்ரை பேரும் அடியிலை வெட்டிக்கிடக்கு. அதிலை குடுப்பன். நாங்கள் ஆரெண்டு விளங்கட்டும்.

என்ன மிஸ்? ஏன் எழும்புறியள்? ஐயோ, கேத்திலைத் தொடாதேங்கோ, சுடும்! குடம் எதுக்கு உங்களுக்கு? அது நல்ல தண்ணி, பிள்ளையளுக்கு. இல்லை இல்லை, அதை ஊத்தாதேங்கோ. நீங்களும் பெரியம்மா மாதிரி என்ரை கையைப் பிடிக்கிறியள். பேணியையாவது தாங்கோ. பகிடி விடாதேங்கோ மிஸ், தாங்கோ. ஏன் தலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? நான் என்ன பிழையாச் சொன்னனான்?

ஓட்டோச் சத்தம் கேக்குது.

"யசோ! இஞ்சேர், வந்திட்டினம்! கெதியா வா! பெரியப்பா வந்ததும் வராததுமா உன்ரை தேத்தண்ணியைத்தான் கேக்கிறார்!"

வாறன்! இந்தா, ஊத்திக்கொண்டு வாறன்! மிஸ், இவளை ஒருக்காப் பிடியுங்கோ. நீங்கள் என்னவோ சொல்ல வாறியள், பேந்து சொல்லுங்கோ, ஆறுதலா இருந்து கேக்கிறன். இண்டைக்கு எனக்கு வாய் வரும், பாருங்கோ. விளிம்பு மட்டும் ஊத்தி அவற்றை கையிலை குடுத்து, கடைசிச் சொட்டு மட்டும் குடிச்சு முடிக்கிறதை முன்னாலை நிண்டு பாத்துப்போட்டு, பெரியப்பா, இப்ப அந்தக் கடிதத்தை எடுங்கோ எண்டு நானே என்ரை வாயாலை